தெருப் பூனைகளைப் பிடிக்கும் கூண்டு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

உரிமையாளரின்றித் திரியும் பூனைகளைக் கொல்லாமல், பிடித்துக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடும் முறைக்காக இந்தக் கம்பிக் கூண்டை வாங்கினேன். பூனை உள்ளே வந்து மிதிபலகையில் கால் வைத்தவுடன் முன்கதவு விழுந்து பூட்டிக்கொள்கிறது; பின்புறம் மேலே தூக்கும் இன்னொரு கதவு இருப்பதால், கடிபடாமல் பூனையை மருத்துவமனைக் கூண்டுக்கு மாற்றிவிட முடிகிறது. இந்தப் பின்கதவுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. மிதிபலகை விறைப்பாக இருப்பதால், ஒல்லியான பெண் பூனை ஒன்று மூன்று இரவுகள் மீனைத் தின்றுவிட்டு நிதானமாக வெளியேறியது. அகப்பட்ட பூனை மிரண்டு கம்பியில் மூக்கை முட்டிக் காயப்படுத்திக்கொள்ளும் என்பதால், கூண்டை உடனே கெட்டித் துணியால் மூட வேண்டும், இருட்டானதும் அடங்கிவிடுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். ஆகவே, தரையில் கூடு கட்டும் பறவைகள் வாழும் தீவுகளில் அதைத் திரும்ப விடுவதைச் சூழலியலாளர்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் இம்முறையையே ஆதரிக்கிறேன். ஆனால், பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரங்களே என்பதால், கூட்டத்தில் பெரும்பாலானவற்றைக் குறுகிய காலத்துக்குள் பிடிக்காவிட்டால் எண்ணிக்கை குறையாது. ஒரே கூண்டால் அது ஆகிற காரியமன்று. இரண்டாவதையும் வாங்கியிருக்கிறேன், இம்முறை மிதிபலகையை அழுத்திப் பார்த்த பிறகு.