நிறுவல் நடக்கும்போது பயனர் பார்க்கும் சாளரம்: எந்தக் கருவி எதற்கு?

மென்பொருளை ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதி நிறுவுகிறவர்கள் பலருக்குச் சத்தமில்லாமல் வேலை முடிந்தால் போதும். பயனரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அமைதி பயமுறுத்துகிறது. கணினி திணறுகிறது, திறந்திருந்த செயலி தானாக மூடிக்கொள்கிறது, காரணம் எதுவும் தெரியவில்லை. பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்திவிடுகிறார். நிறுவல் பாதியில் அறுந்துபோகிறது. வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்பதை பிராட் மையர்ஸ் 1985இலேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார். அதை எந்தக் கருவியால் காட்டுவது என்பதில்தான் இன்றும் குழப்பம்.

தோற்றத்தை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: உங்கள் ஸ்கிரிப்ட் யாருடைய கணக்கில் ஓடுகிறது? விண்டோஸ் விஸ்டா முதல் சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) எல்லாம் பூஜ்ய அமர்வில், அதாவது பயனரின் திரையோடு தொடர்பில்லாத ‘செஷன் 0’இல், தனியாக ஓடுகின்றன. இன்ட்யூன் போன்ற நிர்வாகக் கருவி, விண்டோஸின் உள்கணக்கான சிஸ்டம் கணக்கில் ஸ்கிரிப்டை இயக்கும்போது, அது வரையும் சாளரம் அந்த அமர்விலேயே திறக்கும். பயனரின் திரைக்கு அது வரவே வராது. சாளரம் வெறும் தகவல் பலகையாக இருந்தால் நஷ்டம் சிறியது. ‘சரி’ பொத்தானுக்காகக் காத்திருக்கும் சாளரமாக இருந்தால், அழுத்த ஆளில்லாத பொத்தானுக்காக நிறுவல் காலக்கெடு முடியும்வரை நிற்கும். நிர்வாகி தன் கணக்கில் சோதித்தபோது அழகாக வேலை செய்த ஸ்கிரிப்ட், ஊழியர் கணினிகளுக்குப் போனதும் ஊமையாகிவிடுவதற்கு இதுவே முதல் காரணம்.

நிறுவ வேண்டியது எம்எஸ்ஐ கோப்பு (விண்டோஸ் நிறுவித் தொகுப்பு) ஒன்றே ஒன்றுதான் என்றால், அதனுடனேயே வரும் சாளரத்தை மிஞ்ச எதுவும் தேவையில்லை. அதை நிறுவும் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையில் ‘கியூஎன்’ என்றால் முழு அமைதி; ‘கியூபி’ என்றால் சிறிய பட்டை. அதன் பின்னால் ஆச்சரியக்குறி சேர்த்தால் ரத்து பொத்தான் மறையும்; கழித்தல் குறி சேர்த்தால் குறுக்கே வரும் உரையாடல் பெட்டிகள் நின்றுவிடும். ஒரு வரி ஸ்கிரிப்டில் கிடைக்கிற இந்த வசதியைப் பலர் கண்டுகொள்வதில்லை. இதன் குறை, பட்டை நிரம்பிய பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. நிறுவல் உள்ளுக்குள் பல கட்டங்களாக நடப்பதால் அப்படி ஆகிறது. பார்ப்பவருக்கோ வேலை பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும். நான்கைந்து நிரல்களை வரிசையாக நிறுவினால் நான்கைந்து பட்டைகள் தோன்றி மறையும். அங்கே இது பொருந்தாது.

விண்டோஸின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் பட்டை காட்டும் கட்டளை ரைட்-ப்ரோக்ரஸ். அது நிர்வாகிக்கான கருவி. கன்சோலை (கட்டளைச் சாளரத்தை)ப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் பயனர் முன் ஒரு கன்சோலைத் திறந்து வைத்தால், அவர் அதை மூடிவிடுவார். ஸ்கிரிப்டும் அதோடு போய்விடும். பதிப்பு 5.1இல் இன்னொரு தொல்லை உண்டு. இணையத்திலிருந்து கோப்பு எடுக்கும் இன்வோக்-வெப்ரெக்வெஸ்ட் கட்டளை கொண்டு பெரிய கோப்பை இறக்கும்போது பட்டையை ஓயாமல் புதுப்பிப்பதிலேயே நேரம் போய், இறக்கம் வெகுவாக மந்தமாகிறது. முன்னேற்றக் காட்சியை அணைத்துவிட்டால் வேகம் திரும்பிவிடும்.

அடுத்து எல்லோரும் கை வைப்பது, சாளரங்கள் வரைய உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ். பவர்ஷெல்லிலிருந்தே ஒரு படிவம், அதில் ஒரு பட்டை, ஒரு லேபிள். சாளரத்தைத் திறந்துவிட்டு, அடுத்த வரியில் நிறுவியைத் தொடங்கி அது முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். சாளரமும் காத்திருப்பும் ஒரே த்ரெட்டில் (நிரலின் ஒரே செயல் இழையில்) இருப்பதால், அந்த நேரம் முழுவதும் சாளரத்துக்கு வரும் செய்திகளைக் கவனிக்க யாரும் இல்லை. ஐந்து விநாடி இப்படிப் போனால் விண்டோஸ் அந்தச் சாளரத்தைச் செயலற்றதாக முடிவு கட்டுகிறது. பயனர் அதைத் தொட்டதும் சாளரம் வெளுத்து, தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று வருகிறது. பயனரை அமைதிப்படுத்த வந்த சாளரமே அவரைக் கலவரப்படுத்துகிறது. இதைவிடச் சாளரமே இல்லாதிருப்பது மேல். வழி இருக்கிறது: நிறுவியைக் காத்திருக்காமல் தொடங்கிவிட்டு, அது முடிந்ததா என்று சில நூறு மில்லிவிநாடிக்கு ஒருமுறை பார்க்கும் சுழற்சியை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் நிலுவையிலுள்ள செய்திகளைக் கவனிக்க விட வேண்டும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் சாளரத்தை டபிள்யூபிஎஃப் என்ற புதிய சாளரக் கட்டமைப்பில் எழுதித் தனி ரன்ஸ்பேஸில் (பவர்ஷெல்லின் தனி இயங்குதளத்தில்) ஓட விடலாம். அதற்குள் உங்கள் ஸ்கிரிப்டில் நிறுவும் வரிகளைவிடச் சாளர வரிகள் பல மடங்கு ஆகியிருக்கும். அந்தக் கட்டத்தில், சொந்தமாக எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து.

பழைய வழிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து அதில் ஹெச்டிஎம்எல் எழுதிய விபிஸ்கிரிப்ட் (மைக்ரோசாஃப்டின் பழைய ஸ்கிரிப்ட் மொழி) முறை ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூனில் முடிந்தது. விபிஸ்கிரிப்டையும் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. ஹெச்டிஎம்எல்லைத் தனி நிரலாக ஓட்டும் ஹெச்டிஏ கோப்புகளைத் தாக்குதல்காரர்களும் பயன்படுத்துவதால் பல பாதுகாப்புக் கருவிகள் தடுக்கின்றன. இப்படி எழுதியவை இன்னும் புழக்கத்தில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

நிறுவனக் கணினிகளுக்கு என் தேர்வு பவர்ஷெல் ஆப் டிப்ளாய்மென்ட் டூல்கிட். 2013 முதல் வளர்ந்து வரும் இந்தத் திறந்த மூலத் தொகுப்பில் முன்னேற்றச் சாளரம் ஒரே கட்டளை; த்ரெட் சிக்கலை அதுவே பார்த்துக்கொள்கிறது. அதைவிட, “இந்த நிரலை மூட வேண்டும், இப்போது மூடலாமா, பிறகா?” என்று பயனரிடம் கேட்டு ஒத்திப்போட வாய்ப்புக் கொடுக்கும் பகுதிக்காகவே அதை எடுத்துக்கொள்ளலாம். வேலை பார்த்துக்கொண்டிருப்பவரின் கோப்பை எச்சரிக்கையின்றி மூடுவது அநியாயம். எவ்வளவு அழகான பட்டையும் அதை ஈடுகட்டாது. பூஜ்ய அமர்வுச் சிக்கலுக்கு முன்பு சர்வீஸ்யுஐ என்ற துணை நிரல் தேவைப்பட்டது, பதிப்பு 4.1 முதல் அது தேவையில்லை.

லினக்ஸில், ஸ்கிரிப்டிலிருந்து சாளரம் காட்டும் ஜெனிட்டி என்ற கருவியின் எளிமை என்னை இன்றும் கவர்கிறது. ஸ்கிரிப்டின் வெளியீட்டைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் இணைப்பு) வழியாக அதற்குள் விட்டால் போதும். வெறும் எண் கொண்ட வரி வந்தால் பட்டை அந்தச் சதவீதத்துக்கு நகரும். ‘#’ குறியில் தொடங்கும் வரி வந்தால் சாளரத்தின் எழுத்து மாறும். “40” என்று ஒரு வரி, “# எழுத்துருக்கள் நிறுவப்படுகின்றன” என்று அடுத்த வரி, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ரத்து பொத்தான். ஆட்டோ-கில் விருப்பத்தைச் சேர்த்திருந்தால், அந்தப் பொத்தான் தாய்ச் செயல்முறைக்கே நிறுத்தக் குறிப்பை அனுப்பும். தொகுப்புகள் பாதி நிறுவப்பட்ட நிலையில் அது நேர்வது ஆபத்து. நோ-கேன்சல் போட்டு அந்தப் பொத்தானையே எடுத்துவிடுவது நல்லது. லினக்ஸின் இன்னொரு மேசைச் சூழலான கேடிஇயில் இதே வேலைக்குக் கேடயலாக் உண்டு. அதை டி-பஸ் (நிரல்கள் செய்தி பரிமாறும் வழி) வழியாக நகர்த்த வேண்டியிருப்பதால் ஸ்கிரிப்ட் சற்றுச் சிக்கலாகும். எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவிலிருந்து எழுத்துத் திரையில் வருபவர்களுக்கு, அங்கேயே பட்டை வரையும் விப்டெய்லின் அளவுப் பட்டை போதும்.

மேக்கில் போட்டியே இல்லை என்பேன். ஸ்விஃப்ட்டயலாக் என்ற சாளரக் கருவி, ஒரு சாதாரண உரைக் கோப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோப்பில் ஸ்கிரிப்ட் ஒரு வரி சேர்த்தால் சாளரம் மாறும். நிறுவ வேண்டிய நிரல்களைப் பட்டியலாகக் காட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் காத்திருக்கிறது, முடிந்தது, தோல்வி என்று குறிக்க முடிவதுதான் அதன் பெரும் பலம்.

பட்டையைவிடப் பட்டியல் மேல் என்று நான் நினைப்பதற்குக் காரணம், சதவீதத்தின் மூலம் பெரும்பாலும் நம்மிடம் இல்லை என்பதே. டெபியன், உபுண்டு லினக்ஸின் தொகுப்பு நிறுவியான ஏபிடி ஒரு விதிவிலக்கு. ஸ்டேட்டஸ்-எஃப்டி அமைப்பைக் கொடுத்தால் எந்தத் தொகுப்பு, எத்தனை சதவீதம் என்று தானே எழுதிக் கொடுக்கும். அமைதியாக ஓடும் இஎக்ஸ்இ நிறுவியோ எதுவும் சொல்லாது. அதை மறைக்கக் கடிகாரத்தை வைத்துப் பட்டையை நகர்த்துகிறார்கள். மெதுவான கணினியில் அது 95இல் வந்து உறைந்து நிற்கும். பயனர் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்த எண்ணையும் நம்ப மாட்டார். “5இல் 3ஆவது: அச்சுப்பொறி இயக்கி” என்ற வரி அளவில் சிறியது, ஆனால் முழு உண்மை. ஒரு படி நீண்டுகொண்டே போனால் இடவலமாக ஓடும் பட்டையை அதன் கீழே வையுங்கள்.

கடைசிச் சாளரத்தில் ‘முடிந்தது’ என்று போடுவதற்கு முன் வெளியேற்றக் குறியீட்டை (நிறுவி முடியும்போது திருப்பித் தரும் எண்ணை)ப் படியுங்கள். விண்டோஸ் நிறுவியில் 0 மட்டும் வெற்றியல்ல. 3010 என்றாலும் நிறுவல் முடிந்துவிட்டது, மறுதொடக்கம் மட்டும் பாக்கி. 1641 வந்தால் மறுதொடக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தோல்வி என்று காட்டாமல், “இன்னொரு நிறுவல் முடியக் காத்திருக்கிறோம்” என்று எழுதிச் சில நிமிடம் கழித்து மீண்டும் முயலும்படி ஸ்கிரிப்டை அமையுங்கள்.