தனி டெவ் அடைவு: எம்கேநோடா, பைண்ட் மவுண்டா?

ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். மொட்டை மாடி வானிலைக் கருவியின் அளவுகள் யுஎஸ்பி சீரியல் கம்பி வழியாக அதிலுள்ள ஒரு மெய்நிகர் கணினிக்குப் போகின்றன. உப்புக்காற்றில் கம்பியின் முனை பச்சையாகக் களிம்பேறி, தொடர்பு ஒரு நொடி அறுந்து மீளும். மீளும்போது கருவி டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பழைய பெயரில் வராது. மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரலான கியூஎமு பழையதை இன்னும் திறந்து வைத்திருப்பதால் டிடிஒய்யுஎஸ்பி1 என்று வரும். ஹோஸ்டில், அதாவது சர்வரில், பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மெய்நிகர் கணினிக்குள் ஒரு அளவும் வராது.

காரணம், கியூஎமு பார்ப்பது ஹோஸ்டின் டெவ் அடைவை, அதாவது லினக்ஸ் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் அடைவை, அல்ல. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட்டின், 2017 ஜனவரியில் வந்த 3.0.0 பதிப்பு முதல், ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனி மவுண்ட் நேம்ஸ்பேஸ் (ஹோஸ்டிலிருந்து பிரிந்த கோப்பமைப்புப் பார்வை) அமைத்து, டெம்ப்எஃப்எஸ் என்ற நினைவகக் கோப்பு முறைமை மீது தனி டெவ் அடைவைக் கட்டித்தர முடிகிறது. நல், ஜீரோ, யுரேண்டம், கேவிஎம் போன்ற அடிப்படைக் கோப்புகளும் அந்தக் கணினிக்கு ஒதுக்கிய சாதனங்களும் மட்டுமே அதில் இருக்கும். ஹோஸ்டில் இருப்பதை அங்கே கொண்டுபோக இரு வழிகள்: புதிதாகச் சாதனக் கோப்பை உருவாக்கும் எம்கேநோட், இருக்கும் கோப்பையே இன்னோர் இடத்திலும் தெரியவைக்கும் பைண்ட் மவுண்ட். எது நல்லது என்பது கோப்பின் வகையைப் பொறுத்தது. எல்எஸ் கட்டளை தரும் விரிவான பட்டியலில் வரியின் முதல் எழுத்தே அந்த வகையைச் சொல்லிவிடும்.

எழுத்துவழிச் சாதனம் (சீரியல் போன்றது), தொகுதிச் சாதனம் (வட்டு போன்றது) இரண்டுக்கும் என் தேர்வு எம்கேநோட். சாதனக் கோப்பு என்பது உண்மையில் இரண்டு எண்கள்தான்: முதல் யுஎஸ்பி சீரியலுக்கு 188-உம் 0-உம், கேவிஎம்முக்கு 10-உம் 232-உம். அதே எண்களோடு புதுக் கோப்பை உருவாக்கினால் கெர்னல் அதே சாதனத்தைத் திறக்கும். கோப்பின் உரிமையாளர், அனுமதி விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு மட்டும் வேறு. இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். கியூஎமுவின் பயனருக்காக உரிமையாளரை மாற்றும்போது ஹோஸ்டின் கோப்பு அப்படியே இருக்கும். பைண்ட் மவுண்டில் இரு பக்கமும் ஒரே ஐநோடு என்பதால் இங்கே மாற்றியது அங்கேயும் மாறும். பிறகு ஹோஸ்டில் சாதனக் கோப்புகளைப் பராமரிக்கும் யுடெவ் தன் விதிப்படி அதைத் திருத்தினால், அடுத்த முறை திறக்கும்போது கியூஎமுவுக்கு அனுமதி மறுக்கப்படும்.

எம்கேநோடுக்கும் விலை உண்டு. அதற்கென்று தனிச் சிறப்புரிமை வேண்டும். டெம்ப்எஃப்எஸ்ஸை, சாதனக் கோப்புகளைத் தடுக்கும் நோடெவ் விருப்பத்தோடு ஏற்றியிருந்தால் கோப்பு உருவாகும், ஆனால் திறக்காது. அனுமதிகளையும் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அடையாளத்தையும் நாமே நகலெடுக்க வேண்டும். கருவியைப் பிடுங்கினாலும் தனி அடைவில் பழைய கோப்பு கிடக்கும். அதே எண் நாளை வேறொரு கருவிக்குப் போகலாம். அதனால் கருவியை நீக்கும்போது கோப்பையும், எந்தச் சாதனத்தைத் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சிகுரூப் அனுமதியையும் சேர்த்தே நீக்குங்கள்.

இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயிலான சாக்கெட்டுக்கு எம்கேநோட் உதவாது. காத்திருக்கும் நிரல் பிணைந்திருப்பது மூல ஐநோடோடுதான். அதே பெயரில் உருவாக்கும் இன்னொரு சாக்கெட்டில் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே பைண்ட் மவுண்ட்தான் வழி: காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதன்மேல் மூலத்தை ஏற்ற வேண்டும். ஆனால் அந்த நிரல் மறுபடி தொடங்கும்போது பழைய சாக்கெட்டை அழித்துப் புதிதாக உருவாக்கினால், நம் மவுண்ட் செத்த ஐநோடைப் பிடித்துக்கொண்டிருக்கும். இணைப்பு மறுக்கப்படும் பிழையை நான் ஒரு நாள் முழுக்கத் துரத்தியது இதனால்தான். அதன் பிறகு சாக்கெட்டைத் தனியாக ஏற்றுவதே இல்லை. அதற்கென்று ஓர் அடைவு வைத்து அடைவையே ஏற்றுகிறேன். உள்ளே கோப்பு மாறினாலும் அடைவு மாறாது. சாதாரணக் கோப்புக்கும் பைண்ட் மவுண்ட்தான். லிப்வர்ட்டும் இப்படித்தான் வகை பிரிக்கிறது.

மண்டபத்துச் சிக்கல் சிம்லிங்க்கில், அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்பில், இருந்தது. கருவிக்கு நான் கொடுத்திருந்தது சீரியல் அடைவுக்குள் இருக்கும் நிலையான பெயர். அது டிடிஒய்யுஎஸ்பி0 நோக்கிய சிம்லிங்க். லிப்வர்ட் அந்த இணைப்பை அப்படியே எழுதி, அது காட்டும் சாதனத்தையும் உருவாக்கித் தருகிறது. இணைப்பைத் தீர்த்துவிட்டு அந்தப் பெயரிலேயே சாதனத்தை உருவாக்குவதைவிட இது நேர்மையான நகல். எல்விஎம் முறையில் பிரித்த வட்டுப் பகுதிகளில் இரண்டு மூன்று இணைப்புகள் தொடராக வந்தாலும் அமைப்பு குலையாது. ஆனால் அது எடுத்த நேரத்து நகல். ஹோஸ்டில் யுடெவ் இணைப்பை டிடிஒய்யுஎஸ்பி1 பக்கம் திருப்பியது. தனி அடைவின் இணைப்பு 0-ஐயே காட்டிக்கொண்டிருந்தது. எந்த வழியும் இதைத் தானாகச் சரிசெய்யாது. சாதனத்தை மெய்நிகர் கணினியிலிருந்து கழற்றி மறுபடி சேர்த்தால்தான் புது நகல் கிடைக்கும்.

இப்போது அதை யுடெவ் விதி ஒன்று தொடங்கும் சிறு ஸ்கிரிப்ட் செய்கிறது. கம்பியின் முனையையும் மாதம் ஒருமுறை துடைத்து கிரீஸ் தடவுகிறோம்.