வலை, ஈட்டி, பாய், காந்தம்: விண்குப்பை அள்ளும் சேவைகளில் எது தேறும்?

கடலூர் முதுநகரில் வீச்சுவலை வீசிப் பழகிய ஒருவரிடம், விண்வெளியிலும் வலை போட்டு, செத்த செயற்கைக்கோள், ராக்கெட் துண்டு போன்ற குப்பையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னால், "வலை எப்படிய்யா மூடும்?" என்றுதான் முதலில் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். தண்ணீரில் ஓரத்து ஈயக் குண்டுகள் வலையைக் கீழே கொண்டுபோகின்றன. கயிற்றை இழுக்க இழுக்க குண்டுகள் ஒன்றுகூடி வாய் மூடுகிறது. மேலே குண்டு கீழே இறங்காது, வலையை விரித்துப் பிடிக்க நீரும் கிடையாது.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய 'ரிமூவ்டெப்ரிஸ்' என்ற சோதனைக் கலம் 2018 செப்டம்பரில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தது. 5 மீட்டர் அகல வலை, ஓரத்தில் எடைகள், எடைகளுக்குள்ளேயே வாயை இறுக்கும் சின்ன மோட்டார்கள். வலை விரிந்தது, இரையைச் சுற்றிக்கொண்டது. ஆனால் முழு மதிப்பெண் தர முடியாது. இரை அவர்களே வெளியே விட்ட சின்னப் பெட்டி. அதைவிட முக்கியம், வலைக்கும் தாய்க் கலத்துக்கும் நடுவே கயிறே இல்லை. பிடித்ததை அப்படியே போகவிட்டார்கள். கஷ்டமே பிடித்த பிறகுதான். வேலை முடிந்து மிதக்கும் 3 டன் ராக்கெட் கூடு உருண்டுகொண்டிருந்தால் கயிறு அதைச் சுற்றிக்கொள்ளும். இழுப்பதை நிறுத்தினால் கயிறு தொய்ந்து, பிடித்த கூடு வந்த வேகத்திலேயே நம் மேல் மோதும். மீன் பிடித்தாயிற்று, கரைக்கு வரவில்லை என்ற கதை.

ஈட்டியை அதே கலம் 2019 பிப்ரவரியில் எறிந்தது. நொடிக்கு 20 மீட்டர் வேகம், 1.5 மீட்டர் தள்ளி நீட்டிப் பிடித்த 10 செ.மீ. தகடு. குத்தி நின்றது. எங்கள் தீர்ப்பு: வேண்டாம். பழைய ராக்கெட் கூட்டில் எந்தத் தொட்டியில் இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அங்கே குத்தினால் ஒரு குப்பை நூறாகிவிடும்.

மூன்றாவதாக அந்தக் கலம் வைத்திருந்தது, மெல்லிய காற்றில் உரசி வேகத்தைக் குறைக்கும் பாய். அது 2019 மார்ச்சில் சரியாக விரியவில்லை. அதற்காகப் பாயையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதே சர்ரே குழுவின் 'இன்ஃப்ளேட்செயில்' 2017 ஜூனில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி38-இல் ஏறிப்போனது. சுமார் 505 கி.மீ. உயரத்தில் 10 சதுர மீட்டர் பாயை விரித்து, 72 நாளில் காற்றுமண்டலத்தில் எரிந்து முடிந்தது. எரிபொருள் வேண்டாம், திசைக் கட்டுப்பாடு வேண்டாம். மூன்று, நான்கு கிலோ செயற்கைக்கோளுக்கு இதைவிட எளிய பொருள் கிடையாது. வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, 800 கி.மீ.க்கு மேலே பாயால் பெரிய பயனில்லை, உரச அங்கே காற்று போதாது. இரண்டு, வருடக்கணக்கில் மடித்தே கிடந்த பாய் கடைசி நாளில் விரிந்தாக வேண்டும். மடிப்பு ஒட்டிக்கொள்வதும் பூட்டு திறக்காமல் போவதும்தான் வழக்கமான கோளாறு. மூன்றாவது பலர் கவனிக்காதது: பாய் விரிந்தால் மோதல் வாங்கும் பரப்பும் கூடுகிறது. பரப்பை நாளால் பெருக்கிப் பார்த்து, அது குறைந்தால்தான் லாபம்.

காந்தம். ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனத்தின் 'எல்சா-டி' 2021-இல் ஏறியது. 175 கிலோ கலம், 17 கிலோ இரை, இரையின் முதுகில் காந்தம் ஒட்டும் தகடு. அந்த ஆகஸ்டில் விட்டுப் பிடித்துக் காட்டினார்கள். பிறகு உந்திகளில் சில பழுதாகி மீதித் திட்டம் சுருங்கியது. பிடிக்கும் முறைகளில் எங்களுக்குப் பிடித்தது இதுதான். ஒரே நிபந்தனை, தகடு தரையிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே மேலே கிடக்கும் குப்பைக்கு இது உதவாது.

அந்தப் பழங்குப்பையை நெருங்கிப் பார்த்ததும் அதே நிறுவனம்தான். 'அட்ராஸ்-ஜே' 2024-இல், 11 மீட்டர் நீளமும் 3 டன் எடையும் உள்ள ஜப்பானிய ராக்கெட் கூட்டைச் சுற்றிவந்து படம் எடுத்து, 15 மீட்டர் வரை கிட்டே போனது. தொடவில்லை. ஆனால் கூடு எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கம் சேதம் என்று தெரியாமல் கை வைக்கவே முடியாது; அந்த வகையில் சரியான முதல் படி. ஐரோப்பாவின் 'கிளியர்ஸ்பேஸ்-1' நாலு கையால் அணைத்துப் பிடிக்கும் திட்டம், 2020-இல் 8.6 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம். பிடிக்கவேண்டிய 112 கிலோ குப்பையையே 2023-இல் வேறு ஏதோ ஒரு துண்டு இடித்துவிட்டது! இப்போது வேறு இரை குறித்திருக்கிறார்கள். ஒரு முறை, ஒரு பொருள், இத்தனை காசு. அந்தக் கணக்கில் இது பெரிய ராக்கெட் கூடுகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். 1 முதல் 10 செ.மீ. வரையுள்ள துண்டுகள், ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீட்டில் பத்து லட்சத்துக்கும் மேல். அதற்குச் சேவை தருகிறவர் யாரும் இல்லை. 1 செ.மீ. அலுமினிய உருண்டை ஒன்றரை கிராம்கூட இராது. நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது மோதினால், 1 டன் கார் மணிக்கு 40 கி.மீ.க்குச் சற்று மேலே வந்து இடிப்பதற்குச் சமம்.

ஆகவே குப்பை போடாமல் இருப்பதுதான் காசுக்குத் தகுந்த சேவை. இதில் விற்கவும் வாங்கவும் எதுவும் இல்லாததால் விளம்பரமும் இல்லை.

முதல் பொருள், திரும்பிவர எரிபொருள். 600 கி.மீ. வட்டப் பாதையில் 500 கிலோ செயற்கைக்கோள் என்று வையுங்கள். பாதை முழுவதையும் கீழே இறக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தை மட்டும் 300 கி.மீ.க்கு இறக்கினால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அங்கே உரசி உரசி மீதியைக் காற்றே இழுத்துக்கொள்ளும். அதற்கு வேகத்தில் நொடிக்கு சுமார் 83 மீட்டர் குறைக்க வேண்டும். ஹைட்ரசீன் என்ற எரிபொருள் கணக்கில் 19 கிலோ, அதாவது மொத்த எடையில் 4 சதவீதத்துக்கும் கீழே. கோளாறு வருவது அளப்பதில். எடையற்ற தொட்டியில் திரவம் எங்கே எவ்வளவு ஒட்டிக்கிடக்கிறது என்று சரியாகத் தெரியாது. கடைசிச் சில கிலோவில் கணக்கு தப்பும். மிக உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கீழே இறக்காமல், இன்னும் மேலே ஒதுக்கி நிறுத்துவார்கள். அமெரிக்காவின் டிஷ் நிறுவனம் அப்படிப்பட்ட எக்கோஸ்டார்-7-ஐப் பணிப்பாதையிலிருந்து 300 கி.மீ. மேலே தள்ளி நிறுத்துவதாக எழுதிக்கொடுத்திருந்தது. எரிபொருள் போதாமல் 122 கி.மீ.யோடு நின்றது. 2023-இல் 1.5 லட்சம் டாலர் அபராதம். டீசல் அளவு பார்க்காமல் ஆழ்கடலுக்குப் போன படகுதான்.

இரண்டாவது, அணைத்துவைப்பது: மிச்ச எரிபொருளையும் அழுத்தத்தையும் மின்சாரத்தையும் தீர்த்து, பிறகு வெடிக்காதபடி செய்வது. 2001 அக்டோபரில் ஏறிய பி.எஸ்.எல்.வி.-சி3-இன் நான்காம் கட்டம் அந்த டிசம்பரில் தானாக வெடித்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். எரிபொருளும், அதை எரியவைக்கும் ஆக்சிகரணியும் ஒன்றை ஒன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் வகை. அதன் பிறகு, மிச்சத்தை வெளியேற்றிவிடுவது இஸ்ரோவில் வழக்கமானது. வரிசை முக்கியம்: இரண்டு திரவத்தையும் தனித்தனியாக, இடைவெளி விட்டுத் திறக்க வேண்டும். வெளியேறும் தாரை எதிரெதிர்ப் பக்கம் சமமாக இல்லாவிட்டால் கூடு சுழல ஆரம்பிக்கும். குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டால் மிச்சம் உள்ளேயே தங்கும். அழுத்த வாயுவையும் விட்டுவிட வேண்டும். பேட்டரியில் பலர் செய்யும் தவறு, அதைக் காலிசெய்துவிட்டுச் சூரியத் தகட்டின் இணைப்பை அப்படியே விடுவது. அடுத்த வெயிலில் மறுபடி ஏறிக்கொள்ளும். முதலில் தகட்டின் இணைப்பை அறுக்க வேண்டும், பிறகுதான் பேட்டரி. அந்த அறுக்கும் கட்டளையையும் இரண்டு தனித்தனி ஆணைகள் வந்தால்தான் நடக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கதிர்வீச்சுத் துகள் கணினியில் பட்டுத் தவறான ஆணையைக் கிளப்பி, முதல் மாதத்திலேயே உங்கள் செயற்கைக்கோளை முடித்துவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பி.எஸ்.எல்.வி.-சி58 சாட்சி. 2024 புத்தாண்டு அன்று ஏறியது. 650 கி.மீ.யில் வேலை முடித்த நான்காம் கட்டத்தை 350 கி.மீ.க்கு இறக்கி, மிச்சத்தைக் காலிசெய்து, 'போயம்-3' என்ற பெயரில் சோதனைக் கருவிகளைச் சுமக்கவும் வைத்து, மார்ச் 21-இல் வட பசிபிக்கில் விழவிட்டார்கள். பழைய செயற்கைக்கோளுக்கும் வழி உண்டு: இப்படி விழுத்தாட்டும் திட்டமே இல்லாமல் 2011-இல் ஏறிய மேகா-டிராபிக்ஸ்-1-இல் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது, அதை வைத்தே 2023 மார்ச்சில் பசிபிக்கில் இறக்கினார்கள். ஐந்து நட்சத்திரமும் இதற்குத்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி மேலே கிடக்கும் துண்டும் அதன் உரிமையாளரின் உடைமைதான், பதிவுசெய்த நாட்டின் அதிகாரத்துக்கும் உட்பட்டது. அனுமதியில்லாமல் அடுத்தவர் குப்பையை அள்ள முடியாது. அமெரிக்க உரிமம் வாங்குகிறவர்களுக்கு, வேலை முடிந்த செயற்கைக்கோளைத் தாழ்பாதையிலிருந்து அகற்றும் பழைய 25 ஆண்டுக் கெடு 5 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. 2030-க்குள் குப்பையில்லா ஏவுதல் என்பது இஸ்ரோ அறிவித்த இலக்கு, தனியாரையும் சேர்த்து.

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு கல்லூரிக் குழு 4 கிலோ செயற்கைக்கோள் செய்ய நினைத்தால் எங்கள் பரிந்துரை: 450 கி.மீ.க்குக் கீழே இடம் கேளுங்கள், பாயே தேவைப்படாது. 550 கி.மீ.தான் கிடைத்தது என்றால் பாய் சேருங்கள், எடையில் 10 சதவீதம் ஒதுக்குங்கள், ஏவும் முன் குளிரிலும் வெப்பத்திலுமாக மூன்று தடவையாவது விரித்து மடியுங்கள். மூன்றாவது தடவை மடித்தவரே கடைசியாகவும் மடிக்கட்டும்.