‘கஸ்டம்ஸ் ஏல சரக்கு’ என்று சொல்லி 8,550 ரூபாய் பறித்துவிட்டார்கள்: சுவிஸ் கத்தி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

என் மாமாவின் வலது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். சனிக்கிழமை போட்டது. அந்த விரலை அறுத்த கத்தியை வாங்கிக் கொடுத்தவன் நான். மூன்று கத்திக்கு 8,550 ரூபாய். மூன்றுமே போலி. அசலையும் போலியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு ஆறாது.

மாமா போர்வெல் மோட்டார் மெக்கானிக். புதுக்கோட்டைப் பக்கம் நாற்பது வருஷமாக மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 1998-இல் கொடுத்த சிவப்புப் பேனாக்கத்தி ஒன்று அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். விக்டோரினாக்ஸ் என்கிற சுவிஸ் கம்பெனியின் ஹன்ட்ஸ்மேன் மாடல். வயர் சீவுவது, கயிறு அறுப்பது, பேத்திக்கு ஆப்பிள் நறுக்குவது, எல்லாம் அதில்தான். போன மாதம் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பியவர், கத்தியைக் கைப்பையில் மறந்து வைத்துவிட்டார். திருச்சி விமான நிலையச் சோதனையில் மாட்டியது. கத்தியைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், பெட்டியோ ஏற்கெனவே போய்விட்டது. அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார். திரும்பி வந்தபிறகும் பேச்சுவாக்கில் கை சட்டைப் பைக்குப் போய்ப் போய் வரும். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

படமும் குறும்வீடியோவும் போடுகிற ஒரு செயலியில், மலையேற்றச் சாமான் விற்கும் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் சொல்லவில்லை. பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெளியே நாலாயிரத்தை ஒட்டி விற்கிற கத்தி அங்கே 2,850. சந்தேகம் வந்தது. ‘ஒரிஜினல்தானா?’ என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மாமா கதை முழுவதையும் குரல்பதிவாக அனுப்பினேன். ஏர்போர்ட்டில் போனதையும் சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் பதில் குரல்பதிவு வந்தது. அச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு. “அண்ணே, நீங்க சொன்னதக் கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுண்ணே. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். இதெல்லாம் அந்த மாதிரி ஏர்போர்ட்டுல புடிச்ச மாலுதான். கஸ்டம்ஸ் ஏலத்துல மொத்தமா எடுக்குறோம். அதான் இந்த ரேட்டு. பெட்டியில ஸ்டிக்கர் இருக்காது, அதுக்காகத் தப்பா நெனச்சுக்காதீங்க. மாமாவுக்குன்னு சொல்றீங்க, உங்களுக்குப் பொய் சொல்லி நான் என்னத்தக் கண்டேன்?”

இந்த ஒரு பதிவில்தான் விழுந்தேன். விலை ஏன் குறைவு, ஸ்டிக்கர் ஏன் இல்லை, இரண்டுக்கும் ஒரே பதில். அந்தப் பதிலை அவன் என் கதைக்குள்ளிருந்தே எடுத்துத் தைத்திருக்கிறான். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு, மாமாவின் கத்தியே சுற்றி வந்து கிடைத்துவிட்டது போல ஒரு சந்தோஷம். மூன்று எடுத்தால் கூரியர் இலவசம் என்றான். மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. யுபிஐ-யில் 8,550 ரூபாய் நேராக அவன் எண்ணுக்கு அனுப்பினேன்.

பார்சல் வந்தது. சிவப்பு நிறம், கம்பெனிச் சின்னமான சிலுவை, கத்தரிக்கோல், ரம்பம், எல்லாம் இருந்தன. மாமா கையில் வாங்கி அலகைத் திறந்து மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி திறந்து மூடினார். “டக்குங்கிற சத்தம் வரலையே மாப்ள” என்றார். திருப்பாச்சேத்தி அரிவாளைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற மனுஷன். அவர் காது சொன்னதை நான் கேட்கவில்லை. “புதுசு மாமா, பழகப் பழகச் சரியாகும்” என்றேன்.

சனிக்கிழமை ஒரு தோட்டத்தில் மோட்டார் ஏற்றும்போது நைலான் கயிற்று முடிச்சுக்குள் முனையைக் கொடுத்து நெம்பியிருக்கிறார். அலகு அப்படியே மடங்கி விரலில் இறங்கிவிட்டது. அசல் ஹன்ட்ஸ்மேன் அலகுக்கும் பூட்டு கிடையாது, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதுகுப் பக்கத்து வில் (ஸ்பிரிங்) அலகைக் கெட்டியாகப் பிடித்து நிற்கும். அந்தப் பிடியை நம்பித்தான் இருபத்தைந்து வருஷமாக அவர் கை பழகியிருந்தது. இந்தப் போலியில் அலகு ஒரு விரல் தள்ளலுக்கே விழுகிறது.

அன்று ராத்திரி மூன்றையும் மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். அசலில் சிலுவையும் கேடயமும் கைப்பிடிக்குள் பதித்த உலோகம். இதில் நகத்தால் கீறினால் உரிகிற பூச்சு. பெரிய அலகு மடங்கும் அடிப்பகுதியில் பெயரும் ‘ஸ்விஸ் மேட்’ என்பதும் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். இதில் எழுத்து மேலோட்டம், வரியும் கோணல். பாட்டில் திறப்பானின் அடியில் வயர் சீவ ஒரு சின்ன வெட்டு இருக்கும், மாமா தினமும் பயன்படுத்தியது. இதில் அந்த இடத்தில் கூர் இல்லாத ஒரு பள்ளம் மட்டும். அசல் ஹன்ட்ஸ்மேன் 97 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்றும் மூன்று எடை, ஒன்றுகூட 97 இல்லை.

இரும்புதான் பெரிய ஏமாற்று. விக்டோரினாக்ஸ் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிப் பதத்தில் தோய்ச்சல் (சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவது) கொடுக்கிறது. உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் கத்தி அலகு 56, வில் 49. அலகு கூரைப் பிடித்து வைக்க வேண்டும், வில் ஒடியாமல் வளைந்து நிமிர வேண்டும், அதற்காக. 1897-இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கார்ல் எல்ஸெனர் பதிவு செய்த, ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியிலேயே ஒரே வில் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யும் அமைப்பு வந்துவிட்டது. அந்த வடிவத்தை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்யலாம், தப்பில்லை. விலை குறைந்த கத்தி எல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. கான்சோ, சன்ரென்மு போன்ற சீனக் கம்பெனிகள் பெரிய பிராண்டுகளின் வடிவத்தை ஒட்டிச் செய்தாலும் தங்கள் பெயரைப் போட்டு விற்கின்றன. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். அந்த மாதிரி ஒரு மடக்குக் கத்தி என்னிடமே இருக்கிறது, நன்றாக உழைக்கிறது. இவன் செய்தது அதுவல்ல. அடுத்தவன் பெயரை இரும்பில் பொறித்து, என் மாமாவின் பெயரைச் சொல்லி விற்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை படங்களோடு செய்தி அனுப்பினேன். “செக் பண்ணிச் சொல்றேன் ப்ரோ.” அண்ணே போய் ப்ரோ வந்துவிட்டது. மதியம், “அன்பாக்சிங் வீடியோ இருக்கா?” இல்லை என்றேன். “அப்ப ஒண்ணும் பண்ண முடியாது ப்ரோ.” விரல் அறுந்த படத்தை அனுப்பினேன். “யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” ஒரிஜினல் என்றாயே என்று கேட்டேன். “ஃபர்ஸ்ட் காப்பின்னுதான் சொன்னோம், நல்லா கேட்டுப் பாருங்க.” அசல் மாதிரியே செய்த போலிக்கு வியாபாரிகள் வைத்த பெயர் அது. கேட்கலாம் என்று மேலே போய்ப் பார்த்தால் அந்தக் குரல்பதிவைக் காணோம். அழித்துவிட்டான். சாயங்காலம் என்னைத் தடுத்தும்விட்டான்.

8,550 ரூபாய் போனதைவிட அந்தப் பதிவை அழித்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் சாட்சி என்று.

வங்கியில், “நீங்களே பின் போட்டு அனுப்பியது சார்” என்றார்கள். செயலிக்குப் புகார் அனுப்பினேன். பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று தானாக வரும் பதில் ஒன்று வந்தது. 1930 என்ற உதவி எண்ணில் சைபர் புகாரும், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகாரும் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, அங்கேயும் போவேன். 8,550 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், அலைவேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும், இது சட்டம். பணம் அனுப்புவதற்கு முன்பே அந்த ஸ்டிக்கரைப் படம் கேளுங்கள். ‘ஏல சரக்கு, அதான் இல்லை’ என்றால் விலகிவிடுங்கள். தனி ஆள் எண்ணுக்கு யுபிஐ போடாதீர்கள். பெட்டி திறக்கும்போதே வீடியோ எடுங்கள். குரல்பதிவு வந்தால் உடனே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். கத்தி கைக்கு வந்ததும் விரலை விலக்கி வைத்துக்கொண்டு அலகை மூடிப் பாருங்கள், சட்டென்று இழுத்து மூடவில்லையென்றால் வேலைக்கு எடுக்காதீர்கள். யாருக்காக வாங்குகிறீர்கள், ஏன் வாங்குகிறீர்கள் என்று விற்கிறவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள்.

மாமாவைக் கட்டு மாற்ற அழைத்துப் போக வேண்டும், வாசலில் நிற்கிறார். அவனுடைய விற்பனைப் பக்கம் செயலியில் இன்னும் திறந்துதான் இருக்கிறது. தம்பியின் போனில் பார்த்தேன், இன்று காலைகூட அதே சிவப்புக் கத்தி, அதே 2,850.