குறுநேர நிரலை அளக்க எது ஏற்றது: மைக்ரோஸ், டைமர்-1, லாஜிக் அனலைசர்

சேலம் அம்மாப்பேட்டையின் விசைத்தறிக் கூடம் ஒன்றுக்காக, நூல் அறுந்ததும் தறியை நிறுத்தும் போர்டுக்கு, ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகையில் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். சென்சாரைப் படித்து முடிவெடுக்கும் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அறிய முதலில் கைக்கு வருவது, பலகை ஓடத் தொடங்கியதிலிருந்து கழிந்த மைக்ரோவினாடிகளைச் சொல்லும் மைக்ரோஸ் கட்டளை. 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவில் அது, கடிகாரத் துடிப்பை 64ஆல் வகுத்து எண்ணும் டைமர்-0 என்னும் சில்லின் உள் எண்ணியை நம்பியிருப்பதால், 4 மைக்ரோவினாடிப் படிகளில்தான் எண்ணும். ஏறத்தாழ 6 மைக்ரோவினாடி எடுக்கும் வேலையை ஒருமுறை 4 என்றும் மறுமுறை 8 என்றும் காட்டும். ஆயிரம் முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் எண் சீராகிவிடும். ஆனால் தறியை நிறுத்துவதற்கு வேண்டியது சராசரி அன்று. ஆக அதிகமாக எவ்வளவு தாமதமாகும் என்பதே.

சில்லின் இன்னோர் எண்ணியான டைமர்-1ஐக் கடிகாரத்தை வகுக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு எண்ணும் 62.5 நானோவினாடி, அதே வேலை 96 எண்ணாகத் தெரியும். இதில் பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு: ஆர்டுயினோ தொடக்கத்திலேயே இந்த டைமரை 8 பிட் பிடபிள்யூஎம் (துடிப்பு அகலத்தை மாற்றி வெளியீட்டைக் கட்டுப்படுத்தும்) நிலையில் வைத்துவிடுகிறது. ஆகவே இந்த நிலையைக் குறிக்கும் டிசிசிஆர்1ஏ பதிவேட்டைச் சுழியாக்காவிட்டால், டைமரின் எண்ணிக்கை 255 வரை ஏறி மீண்டும் இறங்கும். கழித்துப் பார்க்கும் விடைக்குப் பொருளே இருக்காது. இடையில் எதுவும் வைக்காமல் ஒருமுறை அளந்து, அளப்பதற்கே ஆகும் அந்த நேரத்தையும் கழிக்க வேண்டும். நிரலை இடைமறித்து வேறு வேலையைச் செய்யும் இன்டரப்டை நிறுத்தி அளந்தால் நிரலின் சொந்த நேரம் கிடைக்கும். நிறுத்தாமல் பலமுறை அளந்து பெரிய எண்ணை எடுத்தால், 1.024 மில்லிவினாடிக்கு ஒருமுறை குறுக்கிடும் டைமர்-0இன் தாமதமும் வெளிப்படும். இரண்டையும் குறித்துவைப்பதே முறை. 4.096 மில்லிவினாடிக்கு மேல் எண்ணிக்கை மீண்டும் சுழிக்குத் திரும்பிவிடும் என்பதும், 9, 10ஆம் பின்களின் பிடபிள்யூஎம்மும் சர்வோ மோட்டாரை இயக்கும் நிரல் நூலகமும் இதே டைமரைக் கேட்கும் என்பதும் இதன் வரம்புகள்.

பின்களின் நிலையை நொடிக்கு 2.4 கோடி முறை பதிவுசெய்யும் மலிவான லாஜிக் அனலைசர் கருவி, நிரல் தொடங்குவதற்கு முன்பே கழியும் நேரத்தையும் சேர்த்து, சென்சார் சமிக்ஞை மாறும் கணத்திலிருந்து தறியை நிறுத்தும் ரிலேயின் பின் மாறும் வரை காட்டும். நிரலுக்குள் டைமரைப் படிப்பதால் மட்டும் அது தெரியாது. இடைப்பட்ட இடங்களைக் குறிக்க பின்னை மாற்றும் டிஜிட்டல்ரைட் கட்டளை கூடாது, அதுவே சில மைக்ரோவினாடிகளை விழுங்கும். பின்களைக் கட்டுப்படுத்தும் போர்ட் பதிவேட்டில் நேரடியாக எழுத வேண்டும்.

என் தேர்வு, நிரலைச் செதுக்கும்போது டைமர்-1. போர்டைத் தறியில் பூட்டும் முன் அனலைசர்.