ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனில் கிரீஸ் அடிக்க விடாதீர்கள்

போன மாசியில் காரைக்குடியில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கினேன். 948 சிசி என்ஜின். இங்கிலாந்து ட்ரையம்ப் கம்பெனியின் வண்டி, 1961 முதல் மெட்ராஸில் தயாரானது. இதே சேஸியை (அடிச்சட்டத்தை) குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு இந்த வண்டி மேல் ஆசை.

மதுரை தெற்கு வாசல் பக்கம் பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு பட்டறையில் விட்டேன். "கவலைப்படாதீங்கண்ணே, ஃபுல் சர்வீஸ் பண்ணித் தேர் மாதிரி தர்றேன்" என்றார்கள். பதினெட்டு நாள் கழித்து வண்டி வந்தது. 41,500 ரூபாய். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'முன்பக்க வேலை 9,000', 'வாட்டர் பம்ப் புதுசு', 'லேபர்', இவ்வளவுதான். பழைய பம்ப் எங்கே என்று கேட்டதற்கு, "இரும்புக் கடைக்குப் போயிருச்சுண்ணே" என்றார்கள். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும்.

ஏழு வாரம் கழித்து, மனைவியும் மகளும் கூட வர அழகர்கோவிலுக்குப் போனோம். அப்பன் திருப்பதி தாண்டி, டீ குடிக்க ஓரங்கட்டுவதற்காக ஸ்டீயரிங்கை ஒடித்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. வேகம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஐந்து நிமிடம் முன்னால், எதிரே பஸ் வந்தபோது அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

வண்டியைக் கட்டி இழுத்துத் திருமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகவே முன்பக்கம் கவிழும். அதைக் கவிழ்த்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளை நிறத்தில் ஒரு கட்டி. உள்ளே கிரீஸ் பழம்புளி மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குள் திருகி நிற்க வேண்டிய தண்டு மரையிலேயே முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் பாதி பழந்துரு, பாதி புது வெட்டு.

"தம்பி, இதுக்கு 90 கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் மரைக்குள்ள இறங்காது" என்றார். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரையில் சுழல்கிறது. ஆயில் இருந்தால் மரை முழுக்க ஊறும், தண்ணீரும் அண்டாது. கிரீஸ் வாய்ப்பக்கமே அடைத்துக்கொள்ளும். உள்ளே காய்ந்து, துருப்பிடித்து, ஒரு நாள் முறியும்.

நியாயமாகச் சொன்னால், அந்தத் துரு ஏழு வாரத்தில் வந்ததில்லை. முந்தைய ஆட்களும் கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பதாயிரம் வாங்கியவர்கள் அதைக் கழற்றியே பார்க்கவில்லை. கிரீஸ் அடிக்கும் துளையான நிப்பிளில் புது கிரீஸை அப்பிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். வாட்டர் பம்பைப் பெரியவர் சாவியால் லேசாகச் சுரண்டினார். சில்வர் பெயிண்ட் உரிந்து உள்ளே அதே பழைய பம்ப்.

மதுரைப் பட்டறைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும்." பணம் வரவில்லை.

இப்போது கிரீஸ் கன் ஒன்றில் கியர் ஆயிலையே நிரப்பி வைத்திருக்கிறேன். ஆயில் கசிந்து வெளியே வரும்வரை நானே அடிக்கிறேன். 6,000 மைலுக்கு ஒருமுறை போதும் என்பது கணக்கு. நம் வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். பட்டறையில் விட்டால், கழற்றுகிற சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குகிறேன்.

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ புதிதாக வாங்கியிருந்தால், வண்டியை விடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டிரன்னியனுக்கு என்ன போடுவீங்க?" கிரீஸ் என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.