பணம் சரி, படிவம்தான் சரியில்லை

ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். புலமைப்பரிசில் படிவம் நிரப்பிக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் இது சொந்தத் தம்பிக்கு நிரப்பியது. ஒரு தனியார் அறக்கட்டளை, உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் மாதம் 6,000 ரூபாய் கொடுக்கிறது. பெயர் போடவில்லை. அடுத்த வருடம் தங்கச்சிக்கும் விண்ணப்பிக்க வேண்டுமே!

முதலில் நல்லது. மகாபொல என்ற அரசாங்கப் புலமைப்பரிசில் 1981இலிருந்து இருக்கிறது, ஆனால் அது பல்கலைக்கழகம் போன பிறகு. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீத ஒதுக்கீடும் உண்டு, நுவரெலியாவும் அதில் சேர்த்தி. அந்த வாசலுக்குப் போய்ச் சேர வேண்டுமே. சாதாரண தரம் முடித்த கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பையன்கள் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மட்டும் நான்கு பேர். அந்த இடத்தில்தான் இந்தக் காசு வந்து விழுகிறது.

தம்பி கணிதப் பிரிவு. தோட்டத்துப் பாடசாலையில் அது இல்லாததால் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து தினமும் ஹட்டனுக்கு பஸ். அப்புறம் மூன்று பாடத்துக்கும் டியூசன். அம்மா கொழுந்து எடுக்கிறார். 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆனது, ஆனால் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். 6,000 எல்லாவற்றுக்கும் காணாது. இருந்தாலும் மாதக் கடைசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து தம்பி காசு கேட்பது நின்றுவிட்டது. அவனுடைய கணக்கிலேயே போடுகிறார்கள், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். ஏழு பக்கம். "வீட்டு இலக்கம், வீதி" என்று ஒரு கட்டம். லயத்துக்கு ஏது வீதி? "எட்டாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா" என்று எழுதினேன். பெற்றோர் பெயரில் கரண்ட் பில் கேட்டார்கள். எங்கள் பில் தாத்தா பெயரில் வருகிறது, அவர் செத்துப் பதினொரு வருடம். அதை விளக்கிக் கடிதம் வாங்க கிராம சேவகரிடம் இரண்டு தடவை அலைந்ததில் அம்மாவுக்கு இரண்டு நாள் பேர் போனது.

நேர்முகத் தேர்வுக் கடிதம்தான் பெரிய கூத்து. எங்களுக்குத் தனி முகவரி கிடையாது, தபால் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். ஒன்பது நாள் அங்கேயே கிடந்து, கையில் கிடைத்தபோது தேதி முடிந்திருந்தது. நான் ஃபோன் எடுத்தேன். பேசிய அம்மா தங்கமானவர், மறுவாரமே வேறு தேதி கொடுத்தார். ஆனால் ஃபோன் எடுக்கத் தெரியாத வீடுகள்? படிவத்தில் நம்பர் கேட்டு வாங்கியவர்கள் ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்.

இன்னொன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நன்றிக் கடிதமும் லயத்துக்கு முன்னால் நின்று எடுத்த ஃபோட்டோவும் அனுப்ப வேண்டும். தம்பி பாடசாலை கேட்டுக்கு முன்னால் நின்று அனுப்பினான். "வீடு தெரியவில்லை" என்று திருப்பிக் கேட்டார்கள். அன்று அவன் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. கட்டாயம் விண்ணப்பியுங்கள். முகவரிக் கட்டத்தில் எங்கள் கடை முகவரியைப் போடுங்கள், முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கடிதம் வந்தால் ஃபோன் எடுத்துச் சொல்வேன். அதற்குக் காசில்லை, ஃபொட்டோ கொப்பிக்கு மட்டும்தான்.